அடுத்த வீட்டுக் குதிரிலிருந்து பறந்து வரும் செல்வம்

கேள்வி இதுதான்: “ஸ்லாவிய, ஃபின்னோ-உக்ரிக் மக்களின் நாட்டார் நம்பிக்கைகளில் வீட்டுக்குச் செல்வம் கொண்டுவந்து கொட்டும் பூதங்கள் உண்டாமே, அவை எவை? ரஷ்யர்கள் சொல்லும் டொமொவோய் என்கிற வீட்டு ஆவியும் அந்த வகைதானா?”

உண்டு, நிறையவே உண்டு. (ரஷ்யர், ஸ்லோவாக்கியர் போன்றவர்கள் பேசுவது ஸ்லாவிய மொழிகள். எஸ்தோனியர், ஃபின்லாந்துக்காரர், ஹங்கேரியர் பேசுவது ஃபின்னோ-உக்ரிக் என்கிற வேறொரு மொழிக் குடும்பம்.) எஸ்தோனியாவில் ஒரு பெயர், ஃபின்லாந்தில் ஒரு பெயர், ஹங்கேரியில் ஒன்று, ஸ்லோவாக்கியாவில் இன்னொன்று. டொமொவோய் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம் தேவை. இந்தப் பூதங்கள் குபேரன் வகை அல்ல. ஒன்றுமில்லாத இடத்தில் பொன்னை விளைவித்துத் தருகிற சக்தி இவற்றுக்குக் கிடையாது. ஓரிடத்தில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னோரிடத்தில் போடும், அவ்வளவுதான். தூக்குகிற இடம் பெரும்பாலும் பக்கத்து வீடு. கூலிக்குத் திருடும் வேலையாள் என்று வைத்துக்கொண்டால் இவற்றின் குணமெல்லாம் தானாகப் புரியும்.

எனக்குப் பிடித்தது எஸ்தோனியர்களின் கிராட். அதை யாரும் பிடித்து வருவதில்லை, வேண்டாத சாமான்களிலிருந்து செய்கிறார்கள். உடைந்த பானை தலை, பழைய துடைப்பம் வால், நூல் சுற்றும் கட்டை கை, வைக்கோலும் கந்தலும் உடம்பு. இதை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை இரவில் நாற்சந்திக்குப் போக வேண்டும். பேய்க்குத் தலைவன் வருவான். மூன்று சொட்டு ரத்தம் கொடுத்தால் பொம்மைக்கு உயிர் வரும். அந்த ரத்தம் கைநாட்டு மாதிரி. செத்தபிறகு ஆன்மா அவனுக்கு என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எஸ்தோனியக் குடியானவன் இதிலும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ரத்தத்துக்குப் பதில் பிளாக் கரண்ட் என்கிற புதர்ப்பழத்தின் சாற்றை மூன்று சொட்டு விட்டால், இருட்டில் பேய்க்கு வித்தியாசம் தெரியாதாம். வேலையும் ஆயிற்று, ஆன்மாவும் தப்பியது.

உயிர் பெற்ற கிராட் இரவில் தீப்பிழம்பாகப் பறந்து போய், தானியம், பணம், பால் என்று கிடைப்பதைச் சுருட்டிக்கொண்டு வரும். அதன் மற்ற பெயர்களிலேயே இந்தத் தீ இருக்கிறது. துலிஹான்ட் என்றால் தீவால், பிசுஹான்ட் என்றால் பொறிவால். சும்மா இருக்க மட்டும் அதற்குத் தெரியாது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைக் கேட்கும். கொடுக்க வேலை இல்லையென்றால் எஜமானின் மேலேயே பாயும். அதனால் அதைத் தொலைக்க நினைப்பவன் செய்ய முடியாத வேலை ஒன்றைக் கொடுப்பான், ரொட்டியால் ஏணி செய், மணலில் கயிறு திரி என்று. செய்ய முடியாமல் திணறித் திணறி அது எரிந்தே போகும். நம்மூர்க் கதையில் ஓயாமல் வேலை கேட்ட பூதத்திடம் நாய்வாலை நிமிர்த்தச் சொன்னார்களே, அதே தந்திரம்தான். ஆனால் நம் பூதம் சலித்துப்போய் ஓடிவிடும். எஸ்தோனியப் பூதம் வீட்டையும் சேர்த்துக் கொளுத்திவிட்டுப் போவதும் உண்டு. எல்லாம் மரவீடு, கூரை வைக்கோல் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

இந்தக் கதைகள் இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் யாக்கோப் ஹூர்ட் என்கிற பாதிரியார். 1888-ல் அவர் விடுத்த வேண்டுகோளைப் பார்த்து ஆசிரியர்கள், விவசாயிகள், கைவினைஞர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊர்க் கதைகளை எழுதி அனுப்பினார்கள். சேர்ந்தது ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். அவை இன்று தார்த்து நகரின் நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அனுப்பியவர்களின் பாட்டனாரும் பூட்டனாரும் ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணை அடிமைகள். வடக்கு எஸ்தோனியாவில் 1816-லும், தெற்கை உள்ளடக்கிய லிவோனியாவில் 1819-லும்தான் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பண்ணையாரின் களஞ்சியத்திலிருந்து அள்ளிக்கொண்டு வருகிற கிராட்டைப் பற்றி அவர்கள் கதை சொன்னபோது குரலில் கண்டனம் மட்டுமா இருந்திருக்கும்? இருந்தது கொஞ்சம் ஆசையும்தான் என்று நினைக்கிறேன்.

கிராட் இன்னும் சாகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எடுவார்த் தூபின் என்கிற எஸ்தோனிய இசையமைப்பாளர் அதன் பெயரில் ஒரு பாலே நடனத்துக்கு இசையமைத்தார். 1944 மார்ச் 9 அன்று தலைநகர் டால்லினின் எஸ்தோனியா அரங்கில் அது நடந்துகொண்டிருந்த இரவில்தான் சோவியத் விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு வீசின. அரங்கம் எரிந்தது. ஆட்டக்காரர்கள் பேய் வேடத்தைக் கலைக்க நேரமில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நம் காலத்துக்கு வந்தால், எஸ்தோனிய அரசு செயற்கை நுண்ணறிவுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் கிராட். 2019-ல் அதற்கான அரசுத் திட்டம் வந்தபோது எல்லோரும் ‘கிராட் திட்டம்’ என்றுதான் பேசினார்கள். அரசுச் சேவைகளுக்கான உரையாடல் உதவியாளருக்கு ‘பியூரோகிராட்’ என்று பெயர். அதிகாரவர்க்கமும் பூதமும் ஒரே சொல்லில்! எள்ளல் தெரிந்த அதிகாரி யாரோ வைத்திருக்க வேண்டும். எஜமான் சொன்னதைச் செய்கிற, ஆனால் எஜமான் கவனமாக இல்லாவிட்டால் ஆபத்தாகிற, கையால் செய்த வேலையாள் என்ற கருத்து அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் சொல் தயாராக இருந்தது.

சரி, வளைகுடாவைத் தாண்டி ஃபின்லாந்துக்குப் போவோம். அங்கே இதன் பெயர் பாரா. எல்லாவற்றுக்கும் ஆசைப்படுகிற பூதம் அல்ல இது. பால், பாலாடை, வெண்ணெய், இவ்வளவுதான் இதன் உலகம். செய்பவளும் வீட்டுக்காரிதான், ஆண்பிள்ளை அல்ல. நூற்கிற கதிரின் மேல் துணியும் நூலும் சுற்றி, தேவாலயத்தில் நற்கருணை அப்பத்தை விழுங்காமல் வாய்க்குள் மறைத்துக்கொண்டு வந்து அதையும் உள்ளே வைத்து, “பிற, பாரா, பாலும் வெண்ணெயும் சுமந்து வா” என்கிற மாதிரி ஒரு மந்திரம் சொல்ல வேண்டும். அது பூனையாகவோ முயலாகவோ உருளும் நூல்பந்தாகவோ ஊரைச் சுற்றி, மற்றவர்களின் மாடுகளிடம் பால் குடித்து வரும். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுக்கும். அந்த வாந்திதான் வெண்ணெய் கடைகிற பாத்திரத்தில் விழும் செல்வம்! கேட்கவே குமட்டுகிறது அல்லவா. சொன்னவர்கள் அதற்காகவே சொன்னார்கள். அவள் வீட்டு வெண்ணெயை வாங்கித் தின்னாதே என்று.

வழியில் பாரா கொஞ்சம் சிந்திவிடும். அதற்கும் சாட்சி இருந்தது. மழைக்குப் பிறகு இற்றுப்போன மரக்கட்டையிலும் மரத்தூள் குவியலிலும் ஒரே இரவில் மஞ்சளாக, நுரைத்த தோசைமாவு மாதிரி ஒன்று தோன்றும். ஃபின்லாந்தில் அதன் பெயர் பாரன்வோய், ‘பாராவின் வெண்ணெய்’. ஸ்வீடனில் ‘பூத வெண்ணெய்’. ஃபுலிகோ செப்டிகா என்பது அறிவியல் பெயர். காளான் போலத் தெரிந்தாலும் காளான் இல்லை, மெதுவாக ஊர்ந்து இடம் மாறுகிற சளிப்பூஞ்சை வகை. நேற்று இங்கே இருந்தது இன்று ஒரு முழம் தள்ளி இருக்கும். அதைப் பார்த்தவன் பூதம் என்று சொன்னால் குற்றம் சொல்ல முடியுமா? அந்த மஞ்சள் பொருளை எடுத்துத் தீயிலிட்டால், பாராவை அனுப்பியவள் சூடு தாங்காமல் தானாக ஓடிவந்து மன்னிப்புக் கேட்பாள் என்று நம்பினார்கள். ஆக, மருந்து பூதத்துக்கு அல்ல, ஆளைக் கண்டுபிடிக்க.

ஏன் இப்படிப் பாலும் வெண்ணெயும்? அந்தக் காலத்து வடக்கில் வெண்ணெய் வெறும் சமையல் பொருள் அல்ல, கெடாமல் சேர்த்து வைக்கலாம், விற்கலாம், அரசனுக்கு வரியாகவும் கட்டலாம். வீட்டில் பெண்ணின் பொறுப்பில் இருந்த பெரிய சொத்தே அதுதான். மாடுகளோ நீண்ட குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் அடைபட்டு, அரை வயிற்றுக்கு வைக்கோல் தின்று, வசந்தத்தில் எலும்பும் தோலுமாக வெளியே வரும். அந்த நேரத்தில் ஒரு வீட்டு மாடு மட்டும் செழிப்பாகக் கறந்தால் ஊருக்குக் கண் உறுத்தும். ஸ்வீடன், ஃபின்லாந்தின் பழைய தேவாலயச் சுவர்களில் பேய்கள் கூட நின்று பால் கறக்கவும் வெண்ணெய் கடையவும் உதவுகிற ஓவியங்கள் உண்டு. ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டுக்கொண்டே அண்டை வீட்டுக்காரியை ஓரக்கண்ணால் பார்க்க வசதியான ஓவியங்கள்.

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்தின் வடகோடியில் வாழும் சாமி (Sámi) என்கிற பழங்குடி மக்களிடமும் இது உண்டு. அவர்கள் சொல்வது ‘வெண்ணெய்ப் பூனை’. பெயரே நார்வேக்காரர்களிடம் கடன் வாங்கியது.

தெற்கே இறங்கி ஸ்லாவியர்களிடம் போனால் செய்முறை மாறுகிறது. பொம்மை இல்லை, முட்டை. கருங்கோழி இட்ட முட்டையை எடுத்து இடது அக்குளில் வைத்து ஒன்பது நாள் அடைகாக்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் குளிக்கக் கூடாது, ஜெபம் செய்யக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, சில ஊர்களில் யாரிடமும் பேசவும் கூடாது. மனிதனாகவும் கிறிஸ்தவனாகவும் இருப்பதை ஒன்பது நாள் நிறுத்திவைக்கிறான் என்று இதைப் படிக்கலாம். பொரித்து வருவதை உக்ரைனின் கார்பாத்திய மலைக்காரர்கள் ஹோதோவானெட்ஸ் என்கிறார்கள், ‘ஊட்டி வளர்த்தது’ என்று பொருள். பரணில் இடம் கொடுத்து, உப்பில்லாத சாப்பாடு வைத்து வளர்க்க வேண்டும். உப்பு பட்டால் தொலைந்தது, கோபித்துக்கொண்டு வீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடும். பெலாரூஸில் பறக்கும் பாம்பாக வருகிற பூதத்துக்கு உப்பில்லாத முட்டைப் பொரியல். அதைப் பண்ணை வேலைக்காரன் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டதால் வீடு எரிந்துபோன கதைகள் அங்கே உண்டு. பல்கேரியாவில் இதே முட்டையிலிருந்து வருவது மாம்னிக். அது பணத்தைத் தொடாது, அடுத்தவன் வயலின் விளைச்சலையே உறிஞ்சிக்கொண்டு வரும்.

ஸ்லோவாக்கியர்களின் ஸ்மோக் இவற்றில் கொஞ்சம் பரிதாபமானது. மழையில் நனைந்து சிறகு தொங்கிய கறுப்புக் கோழிக்குஞ்சாக வழியோரம் நிற்கும். இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துவந்தால் மறுநாள் காலையில் மூலையில் தானியக் குவியல். இன்றும் அங்கே தொப்பலாக நனைந்தவனைப் பார்த்து “ஸ்மோக் மாதிரி நனைந்திருக்கிறான்” என்பார்கள். வம்பு வேண்டாம் என்பவன் எடுத்த இடத்திலேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிடுவான்.

அதே கோழிக்குஞ்சு ஹங்கேரியில் லிதேர்ட்ஸ் ஆகிறது. ஹங்கேரியம் ஃபின்னோ-உக்ரிக் மொழி. ஆனால் இந்த நம்பிக்கையைப் பொறுத்தவரை அவர்கள் தூரத்து உறவான ஃபின்லாந்துக்காரர்களோடு அல்ல, பக்கத்தில் இருக்கும் ஸ்லாவியர்களோடு நிற்கிறார்கள். கருங்கோழி முட்டை, அக்குள், இறகில்லாத குஞ்சு எல்லாம் அப்படியே. அந்தக் குஞ்சு ஓயாமல் “மித், மித், மித்?” என்று கேட்கும். ஹங்கேரியத்தில் ‘மித்’ என்றால் ‘எதை?’ எதைக் கொண்டுவர, எதைக் கொண்டுவர என்று கோழிக்குஞ்சு கீச்சிடும் குரலிலேயே கேள்வி. அதற்கு மித்மித்கே என்றே ஒரு பெயர் உண்டு. தொலைக்க வழி? சல்லடையில் தண்ணீர் கொண்டுவா, மணலில் கயிறு திரித்து வா. கிராட்டுக்குக் கொடுத்த அதே வேலைதான். லிதேர்ட்ஸுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நெருப்பாகப் புகைபோக்கி வழியே இறங்கி, இறந்த கணவனின் அல்லது பிரிந்துபோன காதலனின் உருவில் பெண்ணோடு இரவு தங்கும். அவள் நாளுக்கு நாள் மெலிவாள். ரஷ்யாவின் ‘நெருப்புப் பாம்பும்’ விதவையின் வீட்டுக்கு இப்படியே வரும். பணம் கொண்டுவரும் பூதம் ஏன் துணையாகவும் வருகிறது என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். ஆண்துணை இல்லாத ஒரு பெண் கடன் வாங்காமல் குடும்பம் நடத்தினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி எதுவோ, அதற்குத்தான் இந்தக் கதை பதில் சொல்கிறது என்று படுகிறது.

லுசாட்டியாவில், அதாவது இன்றைய ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், வாழும் சோர்பியர்கள் சின்ன ஸ்லாவிய இனம். அவர்கள் இதையெல்லாம் இலாகா பிரித்து வைத்திருக்கிறார்கள். பால் பாம்பு, தானியப் பாம்பு, பணப் பாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்மிய். திடீரென்று பணக்காரனானவனைப் பார்த்து “அவனிடம் ஸ்மிய் இருக்கிறது” என்பார்கள். பூதம் நிஜத்தில் எங்கே வாழ்ந்தது என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தில்தான் என்பேன். யாரும் “என்னிடம் ஸ்மிய் இருக்கிறது” என்று சொல்லிக்கொள்வதில்லை. எப்போதும் அவனிடம், அவளிடம்.

வானத்தில் தெரிந்த நெருப்பும் இதற்குத் துணை போயிற்று. எரிகல் விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். புகைபோக்கியிலிருந்து பொறி பறப்பதையும் பார்த்திருக்கிறார்கள். சிவப்பாகப் போனால் பணம் சுமக்கிறது, கறுத்துப் போனால் தானியம் என்று நிறம் பார்த்துச் சரக்கைச் சொல்பவர்களும் உண்டு. முக்கியமான கேள்வி, அது யார் வீட்டுக் கூரைப் பக்கம் மறைந்தது என்பதுதான். பறக்கும்போதே சுமையைக் கீழே போடவைக்க ஜெர்மானியரும் சோர்பியரும் சொன்ன உத்தி ஒன்றைச் சபை நாகரிகத்தோடு சொல்வதென்றால், அதற்குப் பின்புறத்தைத் திறந்து காட்ட வேண்டும். காட்டியபின் ஓடி ஏதாவது கூரைக்குக் கீழே ஒதுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதிலுக்கு அது அசிங்கம் செய்துவிடும்.

பெயர்களைக் கொஞ்சம் தோண்டினால் ஒரு வேடிக்கை கிடைக்கும். எஸ்தோனியரின் ‘கிராட்’, போலந்தின் ‘ஸ்க்ஷாட்’, செக் மொழியின் ‘ஸ்கிஷீடெக்’ மூன்றும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லின் பேரப்பிள்ளைகள். ‘பாரா’ ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்தது, ‘சுமப்பது’ என்று பொருள். எஸ்தோனியர் இதற்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் ‘பூக்’, லாத்வியர் சொல்வது ‘பூகிஸ்’. இரண்டும் கடலோரம் வணிகம் செய்த ஜெர்மானியரின் பேச்சிலிருந்து வந்தவை. லித்துவேனியரின் ஐத்வராஸும் இதே வேலை செய்கிற பூதம். 1547-ல் மார்ட்டினாஸ் மஜ்வீதாஸ் அச்சிட்ட முதல் லித்துவேனிய நூலின் முன்னுரையே, கெட்ட வித்தைகளில் இறங்குபவர்கள் அதைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள் என்று குறைப்படுகிறது. நான்கே ஆண்டுகள் கழித்து 1551-ல், பின்னாளில் ஃபின்லாந்தின் துர்க்கு நகர பிஷப்பான மிக்கேல் அக்ரிகோலா பழைய ஃபின்லாந்துத் தெய்வங்களைப் பட்டியலிட்டபோது ‘கிராட்டி’ என்பது உடைமைகளைக் கவனித்துக்கொண்டது என்று எழுதினார். அதே சொல், ஆனால் அங்கே அது காவல்காரன். வளைகுடாவைத் தாண்டியதும் திருடன்! ஆகவே ‘ஸ்லாவியப் பூதம்’, ‘ஃபின்னோ-உக்ரிக் பூதம்’ என்று மொழிக் குடும்பத்தை வைத்துப் பிரிப்பது அவ்வளவாக உதவாது. பால்டிக் கடலைச் சுற்றிச் சாமான் பொம்மையும் தீவாலும், கார்பாத்திய மலையைச் சுற்றி முட்டையும் குஞ்சும் என்று நிலத்தை வைத்துப் பிரித்தால் வரைபடம் இன்னும் ஒழுங்காக வருகிறது.

இந்த நம்பிக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற கணக்கை மானுடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் 1965-ல் வேறொரு நாட்டை வைத்து விளக்கினார். அவர் பார்த்தது மெக்சிகோவின் ட்ஸின்ட்ஸுன்ட்ஸான் கிராமத்தை. நிலம், செல்வம், நல்ல பேர், உடல்நலம் எல்லாமே ஓர் அளவுக்குத்தான் உலகில் இருக்கிறது, அதைக் கூட்ட முடியாது என்று குடியானவர்கள் நினைக்கிறார்கள். எனவே ஒருவனுக்குக் கூடினால் இன்னொருவனுக்குக் குறைந்தே ஆக வேண்டும் என்றார் அவர். அவருடைய கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் நிறைய வந்தது, எல்லாக் கிராமத்துக்கும் அது பொருந்தும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் பாராவுக்கும் ஸ்மியுக்கும் சட்டை தைத்தது போலப் பொருந்துகிறது. என் மாடு வற்றியது, உன் கடைபாத்திரம் நிரம்பியது. இரண்டுக்கும் நடுவே இருட்டில் ஏதோ ஒன்று ஓடியிருக்க வேண்டும்.

இப்போது டொமொவோய். இல்லை, அது இந்த வகை அல்ல. அதை யாரும் செய்வதில்லை, பொரிப்பதில்லை, ஆன்மாவை அடகு வைத்து வாங்குவதுமில்லை. அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் குடும்பத்துப் பெரியவர் மாதிரி அது. தாத்தா என்றே கூப்பிடுவார்கள். வீடு மாறும்போது, கூட வா என்று மரியாதையாக அழைத்துப் போவார்கள். ஃபின்லாந்தின் தொன்ட்டுவும் ஏறக்குறைய இதே ரகம். இருப்பதைக் காப்பதுதான் இவற்றின் வேலை. ஆனாலும் இரண்டு வகைக்கும் நடுவே கோடு ரொம்ப அழுத்திப் போட வேண்டாம். தென் ரஷ்யாவில் டொமொவோய்க்குக் கொர்கொருஷா என்கிற பூனை போன்ற எடுபிடிகள் உண்டு, அவை மற்ற வீடுகளிலிருந்து சாமான்களை இழுத்து வரும். டொமொவோயே தன் வீட்டுக் குதிரைக்காகப் பக்கத்துத் தொழுவத்தில் தீவனம் திருடப் போகும் என்றும், அந்த வீட்டு டொமொவோய் விழித்துக்கொண்டால் இரண்டு தாத்தாக்களும் இருட்டில் கட்டிப் புரளுவார்கள் என்றும் சொல்வார்கள். காலையில் முற்றத்தில் வைக்கோல் சிதறிக் கிடந்தால், ராத்திரி சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.